ரிப்பேர் ஜீன் ரெண்டும் இருக்கு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நான் முதலில் குடியேறிய அடுக்குமாடியின் லிஃப்ட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. இருந்ததாக நான்தான் நினைத்துக்கொண்டேன். பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கிய அன்றே பார்த்தேன், லிஃப்ட் கதவில் ஓர் அட்டை தொங்கியது. சிவப்பு மையில், கொட்டையான ரோமன் எழுத்தில் 'ரோசாக்' என்று எழுதியிருந்தது. லிஃப்ட் செய்த கம்பெனியின் பெயர் போலிருக்கிறது என்று எண்ணி, பொத்தானை அழுத்திவிட்டுப் பத்து நிமிடம் நின்றேன். மாடிப்படியில் காய்கறிப் பையோடு இறங்கி வந்த ஒரு சீனப் பெண்மணி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, கையை ஆட்டி, "ரோசாக், ரோசாக்" என்றார். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார் என்று நினைத்து நான் கைகூப்பி, "சுமதி, சுமதி" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் போய்விட்டார். மறுநாள் தெருமுனை டெலிபோன் கூண்டிலும் ரோசாக். ரயில் நிலையத்தில் டிக்கெட் தரும் மெஷினிலும் ரோசாக். ஒரு கழிப்பறைக் கதவிலும் அதே பெயர். இந்த நாட்டில் ரோசாக் என்று பெரிய முதலாளி ஒருவர் இருக்கிறார், லிஃப்ட்டிலிருந்து கக்கூஸ் வரை எல்லாம் அவர் கையில்தான் என்று மதுரைக்கு, அம்மாவுக்கு, முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரி லிம் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மலாய் மொழியில் ரோசாக் என்றால் கெட்டுப்போனது, வேலை செய்யாதது. அம்மாவுக்கு மறுகடிதம் போட்டுத் திருத்த வெட்கமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த முதல் மலாய்ச் சொல் அதுதான். வெகுநாள் அது ஒன்றுதான் தெரிந்தும் இருந்தது. அந்த ஒற்றைச் சொல் பிற்பாடு பக்கத்து ஊரான கிள்ளானில் ஒரு சாப்பாட்டுப் பந்தியில் என் மானத்தைக் காப்பாற்றியது. அந்தக் கதையைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அந்த ஊருக்குப் போனதே கெட்டுப்போனவற்றைப் பற்றிய வேலைக்குத்தான். உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதுக்கும் ஒரு நகல் எடுக்கப்படுகிறது. நாலே எழுத்துகளால் எழுதப்பட்ட, கோடிக்கணக்கான எழுத்து நீளமுள்ள ஏடு அது. எவ்வளவு கவனமாக நகலெடுத்தாலும் அங்கங்கே ஓர் எழுத்து மாறி விழும், ஓர் எழுத்து விட்டுப்போகும். பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துபவர் உட்கார்ந்திருப்பதுபோல, அந்தப் பிழைகளைத் தேடிப் பிடித்து, வெட்டியெடுத்து, சரியான எழுத்தை வைத்து ஒட்டுவதற்கென்றே சில நொதிகள் நமக்குள் இருக்கின்றன. இதை நீங்கள் வாசிக்கும் இந்த நேரத்திலும் உங்கள் குடலில், தோலில், எலும்புக்குள் அவை வேலை பார்க்கின்றன. யாரும் ஒரு நன்றி சொல்வதில்லை. அந்த நொதியைச் செய்யும் ஜீன் நமக்கு இரண்டு பிரதி, அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. சில குடும்பங்களில் அந்த ஜீனிலேயே எழுத்துப்பிழை. ஒரு பிரதி பழுது, மற்றதை வைத்துக் காலம் ஓடுகிறது. என்றைக்கோ ஒருநாள் குடலில் ஏதோ ஒரு செல்லில் அந்த மற்றதும் போய்விட்டால், அங்கே பிழை பார்க்க ஆளில்லை. பிழைகள் குவிந்துகொண்டே போய், 'போதும், வளராதே' என்று அதட்டும் ஜீனிலும் ஒரு பிழை விழும்போது அது புற்றுநோயாகிறது. அந்தக் குடும்பங்களில் அது நாற்பது வயதிலேயே வந்து கதவைத் தட்டும்.

இந்த ஜீன்களைக் கண்டுபிடித்து அப்போது சில வருடங்களே ஆகியிருந்தன. எங்கள் ஆய்வகம் அந்த நொதிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ராப்பகலாகக் கிடந்தது. எனக்கு அதில் இரண்டு கர்வம். ஒன்று, வேலை புதிது. இன்னொன்று, தமிழ். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். நொதி, குரோமோசோம், மரபணு என்று அத்தனையும் தமிழில் எழுதி மார்க் வாங்கியவள். பிரிக்பீல்ட்ஸ் தமிழர்கள் லாரியை லோரி என்பதும், காரைக் காடி என்பதும், சந்தையைப் பாசார் என்பதும், எதற்கெடுத்தாலும் 'லா' போடுவதும் கேட்டால் எனக்கு உள்ளூர இளக்காரம். "உங்க தமிழ்ல எத்தனை பாஷை இருக்கு?" என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டே விட்டேன். அவர் அசரவில்லை. "எங்ககிட்ட எத்தனை இருந்தா என்ன, புரியுதா இல்லையா, அத சொல்லு லா" என்றார். அந்தப் பதிலை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மணியம் அண்ணன் எனக்கு அவருடைய அக்கா பார்வதி மூலமாகத்தான் அறிமுகம். பார்வதி அக்கா கிள்ளான்காரர். குடல் புற்றுநோய் முற்றி, கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனை வார்டில் படுத்திருந்தார். அவர்களுடைய அப்பா நாற்பத்து மூன்று வயதில் போனார், அவர்களுக்கு மூத்தவர் ஒருவர் நாற்பத்து இரண்டில். எல்லாம் அதே நோய். பார்வதி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஹாஷிம், இது ஜீன் சமாச்சாரம்தான் என்று ஊகித்து ரத்தம் எடுக்கச் சொன்னார். தமிழ் பேச ஆள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டார். ஊசி குத்தும்போது பார்வதி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு எதுக்கு டாக்டர் இனிமே டெஸ்ட்டு? இந்த ரத்தத்த வச்சு என் தம்பிக்கு இருக்கான்னு பாருங்க. அவனுக்கு மூணு பொம்பளப் பிள்ளைங்க." நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை அக்கா, படிச்சு வாங்கின டாக்டர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அதைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை. இரண்டு மாதத்தில் அவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் மணியம் அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். வயது நாற்பத்தொன்று. சின்ன லோரி வைத்துக் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்குக் காய்கறி கொண்டுவருபவர். தேங்காய் மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய கை. "எடுங்க டாக்டர். அக்கா சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார். இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை, பாதிக்குப் பாதி. இருந்தால் மூன்று பெண்களையும் இதேபோல் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தக் காலத்தில் ஜீனை வாசிப்பது ஒரு தவம். ஆளுயரக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பசைபோன்ற ஒன்றை ஊற்றி, அதில் டி.என்.ஏ.வை ஓடவிட்டு, எக்ஸ்ரே ஃபிலிமில் பதித்து, இருட்டறையில் கழுவி எடுத்தால் ஏணிப்படி மாதிரி கறுப்புக் கோடுகள் வரும். ஒவ்வொரு படியும் ஓர் எழுத்து. பார்வதி அக்காவின் ஏணி பாதி வரை சுத்தமாகப் போய், ஓரிடத்தில் ஓர் எழுத்து விடுபட்டதும் அங்கிருந்து எல்லாப் படியும் இரட்டையாகத் தெரிந்தது. ஒரு பிரதி சரி, ஒரு பிரதி பிழை; இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று. தம்பியின் ஃபிலிமைக் கழுவி எடுத்தேன். விளக்குப் பெட்டியில் வைத்து விரலால் ஒவ்வொரு படியாக ஏறினேன். அந்த இடம் வந்தது. தாண்டினேன். ஒற்றைப் படி. அதற்கு மேலும் ஒற்றை. கடைசி வரை ஒற்றை. மூன்று தடவை வேறு வேறு ரத்தக் குப்பியிலிருந்து செய்து பார்த்தோம், மூன்றிலும் அப்படியே. லிம்மும் நானும் கையுறையோடு ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குள் ஒரு சுற்று ஆடினோம். பிழை பார்க்கிற ஜீன் அவருக்கு இரண்டும் முழுசாக இருந்தது.

முடிவு சொல்லும் நாளில் டாக்டர் ஹாஷிம் நல்ல மனதோடு ஒரு காரியம் செய்தார். மணியம் அண்ணன் மலாய் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார். அவர் மலாயிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட சேதியைத் தாய்மொழியில் கேட்பதுதான் அழகு, நீங்கள் சொல்லுங்கள் என்று என்னிடம் விட்டுவிட்டார். அண்ணனின் தோளைத் தட்டி, வாய் நிறையச் சிரித்து, "நெகட்டிவ், மிஸ்டர் மணியம்" என்றவரை அதற்குள் வார்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அறையில் அண்ணனும் நானும்தான். 'பழுதுநீக்கும் நொதி' என்று சொல்ல வாய்வரை வந்தது. லோரிக்காரரிடம் போய் பரீட்சைத் தமிழ் பேசுவதா, எளிமையாகச் சொல்வோம் என்று அதை விழுங்கினேன். வேறெந்த நாளும் எளிமையை நினைக்காதவள் அன்றைக்குப் பார்த்து நினைத்தேன். சந்தோஷத்தில் கண் வேறு கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு சொன்னேன்.

"அண்ணே, உங்க ரத்தத்த மூணு தடவை பாத்துட்டோம். உங்களுக்கு ரிப்பேர் ஜீன் ரெண்டும் இருக்கு. முழுசா இருக்கு. அக்காவுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு."

அவர் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "அப்ப நான் என்ன செய்யணும் டாக்டர்?" என்றார்.

"ஒண்ணுமே செய்ய வேணாம்ணே. வருசா வருசம் டியூப் விட்டுப் பாக்குறதெல்லாம் வேணாம். இனிமே இங்க வரவே வேண்டியதில்ல."

"சாப்பாடு?"

"உங்களுக்கு எது பிடிக்குதோ சாப்பிடுங்க."

"பிள்ளைங்க?"

"பிள்ளைங்களுக்கு வராதுண்ணே. உங்களோட முடிஞ்சிருச்சு."

என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அது போதும் டாக்டர். பிள்ளைங்கள விட்டுருச்சுல்ல, அது போதும்" என்று எழுந்து போனார். வாசல் வரை போய் அவர் லோரி திரும்புவதைப் பார்த்துக் கையசைத்தேன். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தமிழ்வழியில் படித்த பெண் ஒருத்தி கடல் கடந்து வந்து, தமிழிலேயே ஓர் உயிரின் நல்ல சேதியைச் சொல்லிவிட்டாள் என்று ஒரே பூரிப்பு. அம்மாவுக்கு அதையும் கடிதம் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து மணியம் அண்ணன் ஆய்வகத்துக்குப் போன் செய்தார். "டாக்டர், ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு ஒரு வேளை சாப்பிட வாங்க. நீங்க செஞ்சதுக்கு ஒரு வாய்ச் சோறாவது போடணும்ல." விருந்து வைக்கிறார்கள் என்று பிரிக்பீல்ட்ஸ் மிட்டாய்க் கடையில் இரண்டு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் ஏறினேன். கிள்ளான் ஸ்டேஷன் வாசலில் லோரி நின்றது. ஓட்டுகிற சீட்டில் அவர் மனைவி லெட்சுமி அக்கா, பழகுநர் பலகை மாட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, ஸ்டியரிங்கை ஏதோ திருடனைப் பிடித்திருப்பதுபோல் பிடித்திருந்தார். பக்கத்தில் அண்ணன். என்னையும் நெருக்கி ஏற்றிக்கொண்டு லோரி தவளை மாதிரிக் குதித்துக் கிளம்பியது. அக்காவுக்கு எதற்குத் திடீரென்று இந்த ஆசை என்று கேட்டேன். "இனிமே அவதானே ஓட்டணும் டாக்டர்" என்றார் அண்ணன். வேலையைக் குறைத்துக்கொண்டு சுகமாக இருக்கப் போகிறார் என்று புரிந்துகொண்டேன். "ஆமாண்ணே, பாடுபட்டது போதும். நல்லா ஓய்வெடுங்க!" என்றேன். லெட்சுமி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் லோரி ஒரு சாக்கடையை உரசி மீண்டது.

தாமான் என்று அங்கே சொல்கிற குடியிருப்பில் வரிசை வீடுகளில் ஒன்று. மூன்று பெண்பிள்ளைகளும் தலைவாரிப் பூவைத்து வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள். சிரிக்கவில்லை; கூச்சம் என்று நினைத்தேன். வாழையிலையில் மீன் கறி, இறால், கோழி, பாயசம். ஒருவருக்கும் சாப்பாட்டில் மனமில்லை. இந்த மந்தத்தைக் கலைப்போம் என்று லட்டுப் பெட்டியைத் திறந்து எழுந்து நின்றேன். "எல்லாரும் எடுத்துக்குங்க! இந்த வீட்டுல இனிமே சந்தோஷந்தான்!" கடைக்குட்டி கையை நீட்டியது. நடுப்பெண் அதன் கையைத் தட்டிவிட்டாள். லெட்சுமி அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"டாக்டர், நீங்க படிச்சவங்க. எனக்குத் தெரியாமத்தான் கேக்குறேன், உங்க ஊருல இதான் வழக்கமா? ஒரு மனுசன் சாகப் போறாருன்னு சொல்லிட்டு, அவரு வீட்டுக்கே வந்து லட்டு குடுப்பீங்களா?"

"யாருக்கா சாகப் போறா?"

"லெட்சுமி, சும்மா இரு லா" என்றார் அண்ணன். "அவங்க எதையும் மறைக்கல. ரெண்டு ஜீனும் ரிப்பேர்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அக்காவுக்கு ஒண்ணு ரிப்பேர், எனக்கு ரெண்டும். முழுசா."

கையிலிருந்த பெட்டி நழுவி, லட்டுகள் தரையில் உருண்டன. எனக்கு மதுரையில் எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. மிக்ஸி ரிப்பேர் என்றால் மிக்ஸி ஓடாது. ஃபேன் ரிப்பேர் என்றால் விசிறியைத் தேடு. பஸ் ரிப்பேர் என்றால் இறங்கி நட. பிறந்ததிலிருந்து இந்தச் சொல்லை அப்படித்தான் பேசி வளர்ந்திருக்கிறேன். ஆய்வகத்தில் சில வருடம் இங்கிலீஷ் ரிப்பேரோடு குடித்தனம் நடத்தியதில் நம்ம ஊர் ரிப்பேர் மறந்தே போய்விட்டது. அது மட்டுமா? எங்கள் தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். எதிர்வீட்டுக்காரருக்கு ஈரல் போய்விட்டபோது அவர் சொன்னது எனக்கு மனப்பாடம். இனிமே இங்க கூட்டிட்டு வர வேணாம், ஆசைப்பட்டதச் சாப்பிடக் குடுங்க. அதைக் கேட்டதும் எதிர்வீட்டம்மா எங்கள் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த இரண்டு வாக்கியத்தையும் அட்சரம் பிசகாமல், கண்ணீர் வேறு விட்டுக்கொண்டு, மணியம் அண்ணனிடம் நான் ஒப்பித்திருக்கிறேன். போதாததற்கு, உங்களோட முடிஞ்சிருச்சு என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரம் இந்த வீடு எப்படி இருந்திருக்கும்!

"அய்யோ அண்ணே! ரிப்பேர் ஜீன்னா ரிப்பேர் ஆன ஜீன் இல்ல. ரிப்பேர் பண்ற ஜீன்! அந்த ரிப்பேர் பண்ற ஜீன் ரிப்பேர் ஆனாத்தான் ரிப்பேர் பண்ண முடியாம ரிப்பேர்…" எனக்கே குழம்பிப்போனது. ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். அண்ணன் ஆறுதலாக, "பரவால்ல டாக்டர், மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க" என்றார். தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறேன் என்று எண்ணிவிட்டார். நொதி என்றேன், மரபணு என்றேன், இரண்டு பிரதி என்றேன். தெரிந்த தமிழெல்லாம் தீர்ந்துபோனது. லெட்சுமி அக்காதான் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"டாக்டர், கதையெல்லாம் வேணாம். ஒரே வார்த்தையில சொல்லுங்க. இவரு ஜீன் ரோசாக்கா, தாக் ரோசாக்கா?"

மலாயில் 'தாக்' என்றால் இல்லை என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அடித் தொண்டையிலிருந்து கத்தினேன்: "தாக் ரோசாக்! ரெண்டும் தாக் ரோசாக்!"

மூத்த பெண் முதலில் 'ஆ' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். லெட்சுமி அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாரா அழுதாரா என்று பிரிக்க முடியாதபடி ஏதோ செய்தார். அண்ணன் எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. சட்டையெல்லாம் நனைந்து திரும்பி வந்தவர் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்: "பிள்ளைங்க?"

"எல்லாம் தாக் ரோசாக்ணே."

"அக்கா இருந்திருந்தா…" என்றார். தரையில் கிடந்த லட்டை எடுத்து, ஊதிக்கூடப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை விருந்து என்று சொல்ல முடியாது, கலவரம். ஆறிப்போன மீன் கறியை எல்லோரும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டோம். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தது. அவர்கள் கையிலும் லட்டு போனது. ஒவ்வொருவராக உண்மை வெளிவரத் தொடங்கியது. டாக்டர் ஹாஷிம் சிரித்துப் பேசியதைப் பார்த்து, சாகப் போகிறவனிடம் எவ்வளவு இதமாக நடந்துகொள்கிறார் என்று அண்ணன் உருகிப் போயிருக்கிறார். நெகட்டிவ் என்றால் கெட்டது என்று அவராகவே எடுத்துக்கொண்டார். மனசில் எதையும் வைத்துக்கொண்டு போகக் கூடாது என்று மனைவியிடம் ஒரு பாவமன்னிப்பும் கேட்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து லெட்சுமி அக்கா வைக்கும் மீன் கறியில் புளி அதிகம், சொன்னால் வருத்தப்படுவார் என்று பதினேழு வருடமாகச் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார்.

"சாகப் போறாரேன்னு நானும் கேட்டுட்டு அழுதேன்" என்றார் லெட்சுமி அக்கா. "இப்ப உசுரோடத்தானே இருக்கப் போறாரு? அந்தப் புளிக்கு நான் ஒரு வழி பண்றேன்."

"லெட்சுமி, லோரிச் சாவியக் குடு. டாக்டர நான் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்று பேச்சை மாற்றினார் அண்ணன்.

"சாவியா? சாவியெல்லாம் வராது. மூணு வாரம் பாடுபட்டுக் கத்துக்கிட்டேன். நீங்க டாக்டர் சொன்ன மாதிரி ஓய்வெடுங்க."

அன்று மாலை லெட்சுமி அக்காதான் ஸ்டேஷனுக்கு லோரியை ஓட்டினார். போகும்போது தவளைப் பாய்ச்சல் கொஞ்சம் குறைந்திருந்தது. பின்னால் காய்கறிக் கூடைகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பெண்களும் உட்கார்ந்து கத்திக்கொண்டே வந்தார்கள்.

திங்கட்கிழமை டாக்டர் ஹாஷிமிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முதலில் திட்டினார். நியாயமான திட்டு, தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன். பிறகு முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து எங்களிடம் ஒரு பழக்கம் வந்தது. யாருக்கு எந்த முடிவைச் சொன்னாலும், அவருக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் சொல்லிவிட்டு, இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள் என்று திருப்பிச் சொல்லக் கேட்போம். எவ்வளவு நேரமானாலும் விடமாட்டோம். நான் செய்ததிலேயே உருப்படியான ஆராய்ச்சி அதுதான் என்று லிம் இன்றைக்கும் கேலி செய்வாள்.

எனக்கோ அந்தச் சொல் மனசை விட்டுப் போகவில்லை. இங்கிலீஷிலிருந்து கிளம்பி நம்மிடம் குடிவந்த சொல் அது. வந்த இடத்தில் பழகி, கலந்து, குழந்தை குட்டி பெற்று, கடைசியில் தன் பிறந்த வீட்டு அர்த்தத்துக்கே நேர் எதிராக மாறிவிட்டது. பிறந்த வீட்டார் வந்து பார்த்தால் அடையாளம் தெரியாது. ஆனால் இங்கே அதற்கு ஒரு குறையுமில்லை. எல்லோருக்கும் புரிகிறது, எல்லோர் வீட்டிலும் புழங்குகிறது. நானும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றியது. வீட்டுக்காரம்மா லிஃப்ட்டைப் பற்றி ஏதோ கேட்டபோது, "அது நேத்தே ரோசாக் லா" என்று பதில் சொன்ன என் வாயை நானே கவனித்தேன். பயமாக இல்லை, சிரிப்புத்தான் வந்தது.

அந்தத் தீபாவளிக்கு லெட்சுமி அக்கா லைசென்ஸ் வாங்கிவிட்டார். வாங்கிய கையோடு லோரியின் பின்பலகையில் மஞ்சள் பெயின்ட்டில், தமிழ் எழுத்தில், பெரிதாக எழுதி வைத்தார்: 'தாக் ரோசாக்'. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை அந்த லோரிக்குப் பின்னால் போகிற மலாய்க்காரர்களுக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழருக்கு வாசிக்க முடியும், ஒன்றும் புரியாது. வாசிக்கவும் தெரிந்து, புரியவும் செய்து, ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். என்னை அதன் பக்கத்தில் நிற்கவைத்து அண்ணன் ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த விடுமுறைக்கு மதுரை போனபோது அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தாள். முகம் பிரகாசமாகிவிட்டது.

"இது நீ மொதல் லெட்டர்ல எழுதியிருந்தியே, அந்தப் பெரிய முதலாளி ரோசாக்தானே? லாரியும் அவருதா? தாக் அவரோட இனிஷியலா?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதலாளியெல்லாம் இல்லம்மா, அது மலாய் என்றேன். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி எளிமையாகச் சொல்ல வேண்டும். என் வாயில் தானாக வந்து நின்றது அந்தச் சொல்தான்.

"ரிப்பேர் இல்லைன்னு அர்த்தம்மா."

சொன்ன பிறகுதான் எனக்குச் சுரீரென்றது. கோலாலம்பூரில் விளக்குப் பெட்டி முன்னால் நின்று ஒரு ஃபிலிமைப் பார்த்து இதே வார்த்தையை நான் சொன்னால் பிழை பார்க்க ஆளில்லை என்று அர்த்தம், பார்வதி அக்கா மாதிரி யாரோ ஒருவர் வீட்டில் அழுகுரல் கேட்கும்.

"ரிப்பேர் இல்லையா? அப்ப நல்ல சேதிதானே?" என்றாள் அம்மா.

"நல்ல சேதிதாம்மா" என்றேன். அம்மா படத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்து, சாமி அலமாரியில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். மஞ்சள் எழுத்து விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. அந்த வீட்டில் அதை வாசித்துவிட்டு ஹாரன் அடித்துச் சிரிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.